ஒரு கண் மட்டும் வீங்கினால் காயம்தானா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 9 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். முட்டையிடும் பெட்டை ஒன்றுக்கு நேற்றுக் காலை கூட்டைத் திறந்தபோது இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. வலது கண் நன்றாக இருக்கிறது. 10 நாள் முன்பு சந்தையில் வாங்கிவந்த சேவல் எல்லாவற்றையும் விரட்டிக் கொத்துகிறது. அதன் வேலைதான் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "இது சளி, மற்றதுக்கும் ஒட்டும், அறுத்துவிடுங்கள்" என்கிறார். எது சரி? இதன் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: அறுக்க வேண்டாம். முதலில் அந்தப் பெட்டையை மற்ற கோழிகளிடமிருந்து தள்ளி, நிழலில், தனிப் பஞ்சாரத்துக்குள் விடுங்கள். தண்ணீருக்கும் தீனிக்கும் தனிக் கிண்ணம் வையுங்கள். மற்ற கோழிகளைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாக இதனிடம் போங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயமா நோயா என்று தெரியும்வரை நோய் என்றே வைத்துக்கொண்டால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. காயம் என்று நினைத்து விட்டுவைத்து, அது நோயாக இருந்துவிட்டால் மீதி 8 கோழிகளும் சிக்கிக்கொள்ளும்.

காயம் என்று நீங்கள் நினைக்க இரண்டு காரணம் சொல்கிறீர்கள்: ஒரு கண்தான் வீங்கியிருக்கிறது, சேவல் கொத்துகிறது. இரண்டையும் நம்பி முடிவுக்கு வர முடியாது. கோழியின் கண்ணுக்கு முன்னும் கீழுமாகத் தோலுக்கு அடியில் ஒரு காற்றறை இருக்கிறது. சைனஸ் என்கிறோமே, அதுதான். அதன் வெளிப்பக்கத்தில் எலும்புச் சுவர் கிடையாது, தோலும் சதையும்தான். அதனால் உள்ளே சளி சேர்ந்தால் கன்னம் உடனே புடைத்துக்கொள்ளும், கண்ணும் மூடிவிடும். தொற்று நோயிலும் இது ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கலாம். சேவல் விஷயத்தில் என் கவலை வேறு. அது வந்து 10 நாள்தான் ஆகிறது. நீங்கள் கொத்தியதாகக் குற்றம் சொல்லும் அதே சேவல், சந்தையிலிருந்து நோயையும் கொண்டுவந்திருக்கலாம். பார்வைக்குத் திடமாக, கூவிக்கொண்டே இருக்கும் சேவல்கூட நோயைச் சுமந்துகொண்டிருக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல வெளிச்சத்தில் கோழியை ஒரு பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். இமை மட்டும் தடித்து, கீறலோ காய்ந்த ரத்தமோ இருந்து, கன்னம் தட்டையாக இருந்தால் காயத்துக்கே வாய்ப்பு அதிகம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே, கன்னத்தில் பந்துபோல் திரண்டிருந்தால் அது சைனஸ் வீக்கம். அடுத்து அலகின் மேல் உள்ள மூக்குத் துவாரங்களைப் பாருங்கள். காயத்தில் மூக்கு உலர்ந்து சுத்தமாக இருக்கும். நோயில் ஈரமாக இருக்கும், தூசியும் தவிட்டுத் துகளும் ஒட்டியிருக்கும். லேசாக அழுத்தினால் நீர் கசியும். பிறகு முகர்ந்து பாருங்கள். கொரைசா என்ற தொற்றுச் சளி நோயில் முகத்தருகே ஒரு அழுகல் நாற்றம் வரும். ஒருமுறை அதை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா சளி என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இது பாக்டீரியாவால் வருவது. ஒட்டிய 1 முதல் 3 நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும், கூட்டத்தில் மளமளவென்று பரவும். முட்டை சட்டென்று குறையும். சாவு அதிகம் இல்லை, ஆனால் தேறிய கோழி நோயைத் தனக்குள் வைத்துக்கொண்டே இருக்கும். சந்தைக் கோழிகளைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மைக்கோபிளாஸ்மா என்று இன்னொன்று உண்டு. அது மெதுவாக வரும். கண்ணோரத்தில் சோப்பு நுரைபோல் குமிழி நிற்கும், இரவில் மூச்சு கரகரக்கும். இன்றிரவு எல்லாம் அடைந்தபின் விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டருகே ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நின்று கேளுங்கள். பகலில் காதில் விழாத தும்மலும் கரகரப்பும் அப்போது தெளிவாகக் கேட்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகளிடமிருந்து வந்தால் காயம் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

இமை ஓரத்திலும் கொண்டையிலும் தாடியிலும் மருப்போல் பொருக்குகள் இருந்தால் அது கோழி அம்மை. கொசுவாலும் பரவும். வாயைத் திறந்து உள்ளே மஞ்சள் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சை நிறக் கழிச்சல், கழுத்து திருகல், இறகு சிலிர்த்துக் குறுகி நிற்பது என்றால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். அதிலும் முகமும் கண்ணும் வீங்கலாம். அந்த வைரஸ் நம் கண்ணில் பட்டால் நமக்கும் கண் சிவந்து உறுத்தும். கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பைமேட்டைக் கிளறி மேயும் கோழிகளில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கோழிக்கு மூன்றாவது இமை ஒன்று மெல்லிய திரைபோல உண்டு. அதன் அடியில் வெள்ளை நூல்போல ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் புழுக்கள் நெளியும். குப்பையில் வாழும் ஒருவகைக் கரப்பான்பூச்சியைத் தின்பதால் வருவது இது. கோழி காலால் கண்ணைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும், வீட்டில் சேவல் கொத்தியதாக நினைத்துக்கொள்வார்கள். கால்நடை மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, அவற்றை எடுத்துவிடுவார்.

காயம்போலத் தெரிந்தால் செய்ய வேண்டியது: மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். இல்லையென்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் தூள் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இமையை இழுத்துப் பிரிக்காதீர்கள். ஈரப் பஞ்சை ஓரிரு நிமிடம் வைத்தால் தானே இளகும். நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். வீக்கத்தைப் பிதுக்கவே கூடாது. கோழியின் சீழ் நம்முடையதுபோல் ஓடாது, பன்னீர்க் கட்டிபோல் உறைந்துவிடும். பிதுக்கினால் வெளியே வராது, கண்தான் கெடும். சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, வெங்காயச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். அம்மைப் பொருக்குக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகிறார்கள், கொண்டையில் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தையும் எடுக்காதீர்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு, கருவிழியில் புண் இருந்தால் அதை ஆழமாக்கிவிடும். குளோராம்பெனிகால் உள்ளதை உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒரு கண் மூடியிருப்பதால் அந்தப் பக்கம் வைத்த தீனி அதற்குத் தெரியாது. வலது பக்கமாக வையுங்கள். கம்போ குருணையோ கொஞ்சம் நனைத்து, கூடவே நறுக்கிய முருங்கைக்கீரையும் கொடுங்கள். மாலையில் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் ஆறுதல். காலியாக, தொளதொளவென்று இருந்தால் கோழி நாம் நினைப்பதைவிட அதிகமாகத் துன்பப்படுகிறது என்று பொருள்.

சின்னக் காயமென்றால் இரண்டு நாளில் வீக்கம் வடியத் தொடங்கும். அப்படி வடியாவிட்டாலும், கருவிழி பால்போல் வெளுத்தாலும், மறு கண்ணும் வீங்கினாலும், இன்னொரு கோழி தும்மினாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே கண்ணில் ஒரு சாயச் சொட்டு விட்டால், கருவிழியில் புண் இருக்கும் இடம் பச்சையாகத் தெரியும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றியும் கேட்கலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் கொண்டை நீலம் பாய்ந்து செத்தால் அறுக்கவோ வெறுங்கையால் தொடவோ செய்யாமல் உடனே தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாக வேண்டும். எதுவாக இருந்தாலும் இந்தக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு அந்தச் சேவல் வந்ததுபோலவே இன்னொரு வீட்டுக்கு இது போய்ச் சேரும்.

சேவலையும் இன்றே பிரித்துக் கட்டுங்கள். அதன் மூக்கையும் கண்ணையும் இதே மாதிரி பாருங்கள். இனிமேல் எந்தப் புதுக்கோழி வந்தாலும் 3 வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், தனியே வைத்த பிறகு கூட்டத்தில் விடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல், அதாவது மேலே சொன்ன வெள்ளைக்கழிச்சல், தடுப்பூசி முகாமையும் தவறவிடாதீர்கள்.

முட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காயம்தான் என்றால், மருந்து எதுவும் கொடுக்காதவரை, நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். கோழி சுணங்கியிருந்தாலோ நோய் என்ற சந்தேகம் இருந்தாலோ தெளியும்வரை பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த நாள் கணக்கைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.