நோய் வராதவரிடம் ஏன் விசாரணை?

கேள்வி: எங்கள் ஊரில் காதுகுத்து விருந்து முடிந்த அன்றே பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விசாரிக்க வந்த சுகாதார ஆய்வாளர், நன்றாக இருக்கும் எங்களிடமும் என்னென்ன சாப்பிட்டோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். எங்களைக் கேட்டு என்ன பயன்?

பதில்: உங்களைக் கேட்காவிட்டால்தான் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பேர் சாப்பிட்டு, 33 பேர் படுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 33 பேரில் 30 பேர் சாம்பார் சாப்பிட்டிருக்கிறார்கள். தயிர் சாதம் சாப்பிட்டவர்களும் 30 பேர். இதை வைத்து எதைச் சந்தேகிப்பது? மீதி 47 பேரையும் கேட்டால் விஷயம் வெளியே வரும். சாம்பார் சாப்பிட்டவர்கள் மொத்தம் 70; அவர்களில் 30 பேருக்கு நோய், அதாவது 43 சதவீதம். சாப்பிடாத 10 பேரில் 3 பேருக்கு, 30 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. தயிர் சாதம் சாப்பிட்ட 50 பேரில் 30 பேருக்கு, 60 சதவீதம். தொடாத 30 பேரில் 3 பேருக்கு, 10 சதவீதம்தான். ஆறு மடங்கு! ‘அட்டாக் ரேட்’ என்று சுகாதார ஆய்வாளர்கள் சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான். தொடாத மூவருக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கரண்டி மாறியிருக்கலாம், சாப்பிட்டது மறந்திருக்கலாம்.

எந்தப் பந்தி, எத்தனை மணிக்கு வாந்தி என்று கேட்டிருப்பாரே, அதிலும் துப்பு உண்டு. 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உணவிலேயே ஊறவிட்ட நச்சாக இருக்கலாம். திரும்பச் சூடுபடுத்தினாலும் அது போகாது. 6 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலோடு பேதி என்றால் சால்மோனெல்லா என்ற கிருமியை நினைக்க வேண்டும். விருந்துக்கே வராத வீடுகளிலும் பேதி என்றால் இலையை விட்டுவிட்டுக் குழாயைப் பார்ப்பார்கள்: கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா, சாக்கடையோரம் உடைப்பு உண்டா என்று.

இதையெல்லாம் கெடுப்பது பெரும்பாலும் நம் அவசரம். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டி அண்டாவைக் கழுவிவிடுகிறோம். மலமாதிரி கொடுக்குமுன் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்கிறோம், பிறகு ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம். (மருந்து அவசியமென்று மருத்துவர் சொன்னால் மாதிரிக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.) கேட்பவரும் “தயிர் சாதம்தானே சாப்பிட்டீர்கள்?” என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது, எல்லாப் பதார்த்தத்தையும் ஒவ்வொன்றாக, எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

மிச்சம் ஏதாவது இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுத்தமான டப்பாவில் மூடி, பெயரெழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அவருக்குச் சொல்லியனுப்புங்கள். யாரும் ருசி பார்க்க வேண்டாம்.