கனடாவில் பூர்வகுடி ஊடகப் படிப்பு: கல்லூரியில் இடம் கிடைத்தால் வேலை அனுமதியும் கிடைத்துவிடுமா?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷனில் பட்டம் பெற்றுள்ளேன். ஆவணப்படம் எடுப்பதும் திரைக்கதை எழுதுவதும் என் விருப்பம். கனடாவில் பூர்வகுடிகளின் ஊடகம், கதைசொல்லல் பற்றிய ஓராண்டு டிப்ளமோ படித்தால் வேலை அனுமதியும் பி.ஆரும் (நிரந்தர வசிப்புரிமை) உறுதி என்கிறார் முகவர். சேரலாமா?

பதில்: அவர் பேச்சை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, படித்து முடித்தபின் வேலை அனுமதி கிடைப்பது வேறு. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரி டிப்ளமோ படித்தால், அரசின் துறைப் பட்டியலில் அப்படிப்பு இருந்தால்தான் வேலை அனுமதி கோர முடியும். மருத்துவப் பராமரிப்பு, கட்டுமானத் தொழில்கள் போன்றவற்றுக்கு வகுத்த அந்தப் பட்டியலில் கதைசொல்லலுக்கு இடமில்லை. அந்தப் பட்டியலையாவது நிலையாக வைத்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2025-இல் பல படிப்புகளை நீக்கி, சில நாட்களிலேயே அந்த நீக்கத்தை ஒத்திவைத்தார்கள். வாழ்நாள் சேமிப்பைச் செலவழித்து வரும் மாணவரை இப்படி அலைக்கழிப்பது நியாயமே அல்ல.

ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்குத் துறைப் பட்டியல் பொருந்தாது. ஆனால் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ என்பது பெயரில் எப்படி ஒலித்தாலும் டிப்ளமோதான், முதுநிலைப் பட்டம் அன்று. நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி என்பதாலும் இந்த விலக்கு கிடைக்காது. கனடாவில் முடிக்கும் படிப்பே பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பி.ஆரைப் பொறுத்தவரை, எந்தப் படிப்பும் அதற்கு உத்தரவாதம் தராது.

கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தைக் கையாளுபவர் கனடா வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி போன்ற சட்டத் தொழிலராகவோ, அங்கு உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகரின் பெயரை அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் (College of Immigration and Citizenship Consultants) பொதுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். உரிமம் இல்லாதவர்கள் படிவத்தில் தம் பெயரையே காட்டாமல், நீங்களே நிரப்பியதுபோல அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஒரு பொய்த் தகவல் இருந்தால் 5 ஆண்டு நுழைவுத் தடை உங்களுக்குத்தான், அவருக்கு அன்று.

இனி தொழிலுக்கு வருவோம். இந்தத் துறை பூர்வகுடிகள் தாமே கட்டியெழுப்பியது. ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் கலைஞர்கள் 1990-இல் வடகனடாவின் இக்லூலிக்கில் இசுமா என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999-இல் ஏபிடிஎன் என்ற பூர்வகுடித் தொலைக்காட்சி நாடு முழுவதும் ஒளிபரப்பைத் தொடங்கியது. பூர்வகுடித் திரை அலுவலகம் (Indigenous Screen Office) படங்களுக்குத் தரும் நிதி, கனடாவின் மூன்று பூர்வகுடிப் பிரிவுகளான முதற்குடிகள், இனுயிட், மேத்தி படைப்பாளிகளுக்கானது. அந்த நிதியில் நீங்கள் இயக்குநராகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் தலைமையிலான குழுவில் படத்தொகுப்பு, ஒலி, ஒளிப்பதிவு என்று பணியாற்றுவதே உங்களுக்கு நேர்மையான வழி. கதைகளுக்கும் உரிமையாளர்கள் உண்டு. முதற்குடிகளில் ஒரு பிரிவினரான அனிஷினாபே மக்களிடையே சில கதைகளைப் பனிக்காலத்தில் மட்டுமே சொல்வது மரபு. கோடையில் காமிராவுடன் போய் ஒரு மூத்தவரிடம் அதைக் கேட்பது அவமரியாதையாகும். பதிப்புரிமைச் சட்டம் இதைக் காப்பதில்லை என்பது அச்சட்டத்தின் பெருங்குறை. அதைச் சாக்காக்கிக் கதையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரெஜைனாவிலுள்ள கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடித் தொடர்பியலுக்கென்றே பாடத்திட்டம் உள்ளது. அங்கோ வேறு எங்கோ சேருமுன், வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பார்களா, முடிவில் தருவது பட்டமா, மாணவர் படங்களின் உரிமை யாருக்கு என்பவற்றைத் துறைக்கே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். முகவர் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தைப் பதிலாக ஏற்காதீர்கள்.