பற்பசையின் சுவையும் மணமும்: கேள்வி பதில்

கல்லடி வாசகி: காரமாகக் குளிர்ந்தால்தான் கிருமி சாகும் என்று அம்மம்மா சொல்கிறார். உண்மையா?

இல்லை. அந்தக் குளிர்ச்சி மெந்தோல் தருவது. வாயில் குளிரை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுவதால், வெப்பநிலை சற்றும் குறையாமலேயே சில்லென்றிருக்கிறது. சூத்தையைத் தடுப்பவை புளோரைட்டும் பொறுமையாகத் துலக்குவதுமே.

கல்முனை வாசகர்: பல் துலக்கியபின் தோடம்பழச் சாறு கசப்பது ஏன்?

நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லோரில் சல்பேற்று, நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மட்டுப்படுத்திக் கசப்பை மேலெழச் செய்கிறது.

காத்தான்குடி வாசகி: கறுவா மணமுள்ள பற்பசைக்கு மாறிய பின் உம்மாவின் வாயோரம் சிவந்து தோல் உரிகிறது. காரணம் அதுவாக இருக்குமா?

இருக்கலாம். கறுவாப் பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமல்டிஹைட், ஒவ்வாமை உண்டாக்கும் சுவையூட்டிகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று; வாயோரம் வெடிப்பதும், கன்னத்தின் உட்புறம் எரிவதும், ஈறு சிவப்பதும் அதனால் நேர்வதுண்டு. நம் நாட்டுக் கறுவா என்பதால் தீங்கிராது என்று எண்ண வேண்டாம். இயற்கை எண்ணெயிலும் இருப்பது அதே பொருள்தான். பொதியில் அது 'சின்னமல்' என்ற பெயரில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, கழுவி அகற்றும் பொருள்களில் அது 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் பல பொதிகளில் 'ஃபிளேவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது, வாங்குபவருக்கு இது பெரும் அநீதி என்பதே என் கருத்து. இப்போதைக்கு அந்தப் பற்பசையை நிறுத்தி, கறுவா இல்லாத, மணம் குறைந்த ஒன்றைக் கொடுங்கள். கறுவாச் சுவையுள்ள சூயிங்கம், வாய்கொப்பளிப்பான் ஆகியவற்றையும் தவிர்க்கட்டும். அதன் பிறகும் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது) செய்துகொள்வது நல்லது.

ஏறாவூர் வாசகர்: பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் தடவலாமா?

அதிலுள்ள யூஜெனோல் வலியைச் சற்று மரக்கச் செய்யும். ஆனால் செறிவாகப் பட்டால் ஈறு புண்ணாகும். சூத்தையை அது ஆற்றாது, பல் வைத்தியரிடம் போங்கள்.

அக்கரைப்பற்றுத் தாய்: ஸ்ரோபெரிச் சுவைப் பற்பசையை நான்கு வயது மகன் விழுங்குகிறான். சீனி அதிகமா?

அந்த இனிப்பு பெரும்பாலும் சோர்பிற்றோலும் சக்கரினும் தருவது, சீனியன்று. கவலைப்பட வேண்டியது புளோரைட்டைப் பற்றித்தான். தின்பண்டம்போல் இனிப்பதால் குழந்தை விழுங்கத் தூண்டப்படுகிறது. தொடர்ந்து அதிகமாக விழுங்கினால், உள்ளே உருவாகும் நிலைத்த பற்களில் வெண்புள்ளிகள் தோன்றலாம். மூன்று வயது வரை அரிசி மணியளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். பசையை நீங்களே பிதுக்கிக் கொடுத்து, துப்பும் வரை பக்கத்தில் நில்லுங்கள். குழாயை மகனின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.