பிரஷர் மாத்திரையும் வைரஸ் மருந்தும்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் ஒரு பார்மசியில் 26 வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். இன்று பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பையும் பிரஷரையும் அடக்கி வைக்கும் மாத்திரை, போடுகிறவர்கள் மட்டும் கேளுங்கள். அட்டெனோலோல், மெட்டோபுரோலோல், பிசோபுரோலோல், கார்வெடிலோல், புரோபிரனோலோல் எல்லாம் அந்த வகைதான்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, அம்மா கொழுந்து எடுக்கிறவர். அட்டெனோலோல் 50 போடுகிறார். விலாவில் அக்கி வந்து, டாக்டர் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து 800 ஒரு நாளைக்கு ஐந்து தடவை எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் இதயம் நின்றுவிடும் என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள். பிரஷர் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தட்டுமா?

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிற மருந்துகள் இல்லை. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால்தான் ஆபத்து. அடக்கி வைத்திருந்த துடிப்பு எகிறும், பிரஷர் ஏறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம்.

கவனிக்க வேண்டியது அம்மாவின் சிறுநீரகத்தை. அட்டெனோலோலும் அசைக்ளோவிரும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறும். தண்ணீர் குறைந்தால் அசைக்ளோவிர் சிறுநீரகத்திலேயே படிகமாகப் படியலாம். மலையில் ஒதுங்க இடமில்லை என்று விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் கொழுந்து எடுக்கும் பெண்களை நமக்குத் தெரியும். அப்புறம் முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் வேறு. அசைக்ளோவிர், தண்ணீர்க் குறைவு, டைக்ளோபெனாக் மூன்றும் சேர்ந்தால்தான் எனக்குப் பயம். இந்த ஏழு நாளும் அம்மா வீட்டில் இருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், வலிக்குப் பனடோல் (பாரசிட்டமோல்) போதும். சிறுநீரகக் கோளாறு முன்பே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.

டிக்கோயாவிலிருந்து ஒரு தம்பி: அப்பாவுக்குக் கொவிட். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பாக்ஸ்லோவிட் என்ற கொவிட் மாத்திரை அனுப்புகிறாராம். அப்பா மெட்டோபுரோலோலும், அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் போடுகிறார்.

டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள் தம்பி. அந்தப் பெட்டியில் ரிட்டோனவிர் என்று ஒன்று இருக்கிறது. வைரஸ் மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க, மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதிகளை அது தடுத்து வைக்கும். அதே நொதிகளைத்தான் அப்பாவின் மாத்திரைகளும் நம்பியிருக்கின்றன. மெட்டோபுரோலோல் இரத்தத்தில் கூடலாம், அம்லோடிபின் நிச்சயம் கூடும். நாடி மெதுவாகும், பிரஷர் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்றில்லை. அளவை மாற்றி, நாடியும் பிரஷரும் பார்த்துக்கொண்டு டாக்டர் கொடுப்பார். கார்வெடிலோல் போடுகிறவர்களுக்கும் இதே பதில்.

பண்டாரவளையிலிருந்து ஒரு ஐயா: அக்கிக்கு எதற்கு மாத்திரை? எங்கள் ஆத்தா காவி கரைத்து எழுதுவார், பத்தே நாளில் காய்ந்துவிடும்.

ஐயா, ஆத்தாவின் கையை நான் குறை சொல்லமாட்டேன். அக்கி எழுதாமல் விட்டாலும் இரண்டு, மூன்று வாரத்தில் காயும். மருந்து எதற்கென்றால், கொப்புளம் சீக்கிரம் ஆறுவதற்கு. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவிக்காகக் காத்திருந்து அந்த மூன்று நாளும் போய்விடுகிறது.

அதே ஐயா: அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும். அதைத் தடுக்கத்தான் எழுதுகிறோம்.

அது ஒரு நரம்பின் பாதையில் வருவது ஐயா. பொதுவாக உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். நான் பயப்படுவது முகத்து அக்கிக்கு. ஒரு அம்மா மூக்கு நுனியில் நாலு கொப்புளத்தோடு கடைக்கு வந்தார். இமையெல்லாம் காவி, கண் சிவந்து நீர் வடிகிறது. மாத்திரை கேட்டவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்குள்ளும் இறங்கலாம், பார்வையே போகலாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் மருந்தைத் தொடங்கிவிட்டு எழுதுங்கள். கண் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இராகலையிலிருந்து: அட்டெனோலோலும் அசைக்ளோவிரும் சேர்த்துப் போடலாமா?

போடலாம். முதல் பதிலைப் படியுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு அக்கா: கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் டெங்குவோடு வந்திருக்கிறான். கை நடுக்கத்துக்குப் புரோபிரனோலோல் போடுகிறவன். டெங்குவுக்கு எந்த வைரஸ் மருந்து?

டெங்குவுக்கென்று வைரஸ் மருந்து இல்லை அக்கா. பனடோல் மட்டும். அஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் இரத்தக் கசிவைக் கூட்டும், தொடாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் புரோபிரனோலோல் போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெங்கு முற்றும்போது நாடி வேகமாவதை வைத்துத்தான் ஆபத்தைப் பிடிப்பார்கள். இந்த மாத்திரை அந்த வேகத்தை மறைத்துவிடும். மயக்கம் வந்தால் 1990 ஆம்புலன்சுக்கு அழையுங்கள்.

கொட்டகலையிலிருந்து: இன்புளுவென்சாவுக்கு ஒசெல்டமிவிர் கொடுத்தார்கள். பிசோபுரோலோலை விடவா?

விடாதீர்கள். இரண்டுக்கும் மோதல் இல்லை.

நுவரெலியாவிலிருந்து: அசைக்ளோவிர் போடும்வரை அட்டெனோலோலை நிறுத்தலாமா?

மூன்றாவது தடவை சொல்கிறேன், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: பாட்டிக்கு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையின் பெயர் தெரியாது. வெள்ளை, சின்னது. வைரஸ் காய்ச்சல் மருந்தோடு கொடுக்கலாமா?

சின்ன வெள்ளை மாத்திரை நூறு வகை இருக்கிறது தம்பி. அது வந்த காகிதக் கவரைப் பாருங்கள். 'காலை 1' என்று மட்டும் இருந்தால் கவரோடு கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள். பெயர் கிடைத்ததும் எழுதுங்கள், நான் இருக்கிறேன்.