கத்தானா வாளின் அலைக்கோடு அசலா?

கேள்வி: கையால் செய்தது என்று சொன்னதை நம்பி, அலங்காரத்துக்கு கத்தானா என்ற ஜப்பானிய வாள் ஒன்று வாங்கினேன். வெட்டு விளிம்பில் தெரியும் வெள்ளை அலைக்கோடு அசல்தானா? துரு ஏறாமல் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: வாளை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அந்த அலைக்கோட்டுக்கு ஹமோன் என்று பெயர். அது அசல் என்றால் கோட்டோரம் பனிமூட்டம் போல நுண்ணிய வெண்துகள்கள் மின்னும், கோணம் மாறினால் மங்கும். வாளின் முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சட்டென ஆறி இறுகும். அந்த எல்லைதான் கோடு. எப்படித் திருப்பினாலும் ஒரே வெளுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ போட்டதுதான்.

அலகை வெறும் விரலால் தொடவே கூடாது. வியர்வை உப்பு சீக்கிரமே துருவாகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, சோஜி என்ற வாள் பராமரிப்பு எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவுங்கள். அதிகமானால் உறையின் மரத்தில் ஊறித் தூசியைப் பிடித்து, அலகைக் கீறும். விளிம்பு மேல்நோக்கியிருக்க, படுக்கையாக வையுங்கள்.

கைப்பிடி ஆடுகிறதா? மெகுகி என்ற மூங்கில் ஆணி தளர்ந்திருக்கிறது. மாற்றும்வரை உருவவே வேண்டாம், அலகு கழன்று பறக்கும். வாள் பழையதாக இருந்தால், பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதியான நகாகோவின் துருவைத் தேய்த்துவிடாதீர்கள். வயதைக் கணிக்க நிபுணர்கள் அதையும் பார்ப்பார்கள்.