நர்ஸ் சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா?

கேள்வி: முதல் குழந்தை பிறந்து 23 நாள் ஆகிறது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நீடாமங்கலம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே அம்மா, 'இந்த வெயிலில் தொண்டை வறண்டுவிடும்' என்று தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். அப்பாயி வசம்பைச் சுட்டு வைத்திருக்கிறார். குழந்தை தூளியில் தூங்கும். இல்லையென்றால் என் நெஞ்சின் மேல். நான் தூங்கியே பல நாள் ஆகிறது. மூன்றாம் மாதம் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். இந்த அறிவுரைகளை எழுதியவர்கள் யாராவது பிள்ளை வளர்த்திருக்கிறார்களா?

பதில்: நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். இரண்டுமே தூளியில் வளர்ந்தவை. பகலெல்லாம் வெண்ணாற்றங்கரைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் புத்தி சொல்லிவிட்டு, இரவில் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறு கையால் பதிவேடு எழுதிய கிராம சுகாதாரச் செவிலியர் நான். உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் நான்கு அறிவுரைகளும் சரியானவைதான். அவற்றை உங்களிடம் மட்டும் சொல்லி அனுப்பியதுதான் கோளாறு. 'நீங்களும் தூங்குங்கள்' என்பது வயிற்றில் தையலோடு இருப்பவளிடம் சொல்ல வேண்டியதா? குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆளிடம் சொல்ல வேண்டியது. தண்ணீர் வேண்டாம் என்பதை உங்கள் அம்மாவிடமும், வேலை விஷயத்தைக் கடை முதலாளியிடமும் சொல்லியிருக்க வேண்டும். தாய் சேய் நல அட்டையை ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் வேறு யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து அதைப் படித்துக் காட்ட எனக்கும் பல நாள் பொறுமை இருந்ததில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். கத்திரி வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுத்தால் அடிக்கடி மார்பு தேடும், கொடுத்தால் போதும். குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது; இரண்டு சங்கு தண்ணீர் போனால் அந்த அளவுக்குப் பால் உள்ளே போகாது. குடிப்பது குறையக் குறையச் சுரப்பதும் குறையும். பிறகு 'இவளுக்குப் பால் பற்றவில்லை' என்று அதே வீடு சொல்லும்! போதாததற்கு, நம் ஊரில் ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் குழாயில் வருகிற தண்ணீரின் நிறத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், கணக்குக் காட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் தண்ணீர் போதுகிறது என்று பொருள். நனைந்த துணிகளை ஒரு நாள் அவரையே எண்ணச் சொல்லுங்கள். வெயிலில் தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டியவர் நீங்கள்தான். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று உங்கள் சொம்பை ஒளித்து வைக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

பால் போதுகிறதா என்ற சந்தேகத்துக்கு எடைதான் தீர்ப்பு. முதல் சில நாட்களில் கொஞ்சம் இளைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை பாருங்கள். கூடவில்லை என்று தெரிந்து டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் குற்றவாளி போல ஒடுங்க வேண்டாம். கொதித்த தண்ணீரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவு குறையாமல் கரைத்து, புட்டியில் ஊற்றாமல் பாலாடையில் கொடுங்கள்.

வசம்புக்கு வருவோம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. இரவில் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். அப்பாயிக்கு அதன் மேல் இருக்கும் நம்பிக்கையை ஓர் அட்டை அசைத்துவிடாது. ஆனால் அதில் உள்ள ஆசரோன் என்ற பொருள் நரம்பைப் பாதிக்கக்கூடியது, பச்சைக் குழந்தைக்கு எவ்வளவு இழைத்தால் எவ்வளவு போகிறது என்பதற்கு அளவும் கிடையாது. வாந்தியும் மயக்கமுமாகத் தூக்கி வரப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். நாக்கில் தடவ வேண்டாம். உரை மருந்தும் வேண்டாம். கையில் கட்டுவதும் வேண்டாம், மூன்றாம் மாதம் கை வாய்க்குப் போய்விடும். தூளிக் கயிற்றின் உச்சியில் கட்டிவிடட்டும். அப்பாயிக்கும் மனம் நிறையும், குழந்தைக்கும் எட்டாது. உங்களுக்கு அவர் லேகியம் கிளறித் தந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். அரசு 2015-இல் கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்திலேயே கொசுவலையோடு சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. மூக்கில் எண்ணெய் விடுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது, தேன் தொட்டு வைப்பது, தெருவில் கூவி வருகிற கழுதைப்பால் இவை நான்கும் வேண்டவே வேண்டாம். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இனித் தூளி. குழந்தையின் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. துணி குழிந்து உடம்பு வளையும்போது தாடை நெஞ்சில் போய் இடிக்கும். மூச்சுக்குழல் அப்படியே மடங்கக்கூடும். இரண்டு பக்கமும் துணி வந்து மூடினால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தட்டையான இடம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். தூளியே கட்டாதே என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே கட்டுகிற முறையைச் சொல்கிறேன். பழைய பருத்திச் சேலையாக இருக்கட்டும். வழுக்குகிற நைலான் சேலை வேண்டாம். உள்ளே குறுக்காகத் தூளிக்கட்டை கொடுத்துத் துணியை விரித்து வையுங்கள். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர வேண்டாம். கீழே ஒரு பழைய மெத்தை கிடக்கட்டும். முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் அது. கண் அசந்ததும் எடுத்துப் பாயில் கிடத்துங்கள். பத்து முறை கிடத்தினால் ஆறு முறை விழித்துக்கொள்ளும். மீதி நான்கு முறை லாபம். நாலாம் மாதம் புரளத் தொடங்கிய பிறகு தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

இரவுக்குத் தரையில் பாய். அதன் மேல் ஒரு போர்வையை இறுக மடித்து விரியுங்கள். கட்டில், மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை என்று நாம் சேர்த்துக்கொண்ட பிறகுதான் தட்டையான, உறுதியான படுக்கை என்று தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மல்லாக்கப் படுக்க வைத்து, குடைபோல விரிகிற கொசுவலையை மேலே வையுங்கள். கடுகுத் தலையணை வேண்டாம். கொசுவர்த்திப் புகையும், குளிப்பாட்டியபின் போடுகிற சாம்பிராணிப் புகையும் வேண்டாம். நெஞ்சின் மேல் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம், நீங்கள் விழித்திருக்கும் வரை. கண் செருகுகிறது என்று தோன்றியதும் யாரையாவது கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 'யாராவது' யார் என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பால் கொடுத்ததும் அம்மா குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த முறை பசித்து அழும்வரை நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். இரண்டரை மணி நேரம் தொடர்ந்து கிடைத்தாலே மறுநாள் உலகம் வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இது நடக்காததற்குக் காரணம், யாரும் கேட்பதில்லை. உங்கள் கணவருக்கும் வேலை இருக்கிறது. தினம் வீடியோவில் குழந்தையைக் கொஞ்சுகிறவர், ஒரு நாள் மாமியாரைக் கூப்பிட்டு, 'அத்தை, தண்ணீர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்' என்று சொல்லட்டும். நர்ஸ் ஐந்து முறை வந்து சொன்னதைவிட மாப்பிள்ளை ஒருமுறை போனில் சொன்னதற்குக் கட்டுப்பட்ட வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பயன்படும்.

வேலைக்கு வருகிறேன். தாய்ப்பால் மட்டும் ஆறு மாதம் என்று சுவரொட்டி ஒட்டுகிற தமிழக அரசு, தன் ஊழியருக்கு 2021 முதல் ஓர் ஆண்டு மகப்பேறு விடுப்பு தருகிறது. நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை. வரப்பு மரத்தில் தூளி கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கியவர்களிடம் இதே அறிவுரையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வெட்கத்தோடு. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்து, பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் நீங்கள் 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் குழந்தைக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை. 2017 திருத்தத்தில் வந்தது இது. திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. முதலில் வாயால் கேளுங்கள், பிறகு எழுத்தில் கேளுங்கள், அதன் பிறகு தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

அப்படியும் போக நேர்ந்தால், போவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பீய்ச்சிப் பழகுங்கள். கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரில் எடுத்து மூடி வையுங்கள். வெளியில் நான்கு மணி நேரம் என்பது கணக்கு; சித்திரை, வைகாசியில் அவ்வளவு நேரம் நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரை வைத்தால் போதும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. என் பதிவேட்டில் ஆறு தேதிகளும் இருக்கும்; ஆறு நாளும் போனேனா என்று கேட்காதீர்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்தான் இதில் அதிகம் விடுபடுகிறாள்: புகுந்த ஊர் நர்ஸ் 'அவள் இங்கே இல்லை' என்பார், பிறந்த ஊர் நர்ஸின் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. கர்ப்பத்தைப் பதிந்தபோது உங்களுக்குக் கொடுத்த பிக்மி எண்ணோடு யாரையாவது துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பதிய வையுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

அதுவரை அம்மாவும் அப்பாயியும் உட்பட வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை: குழந்தை பால் குடிக்க மறுப்பது, தொட்டால்கூட அசையாமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, வலிப்பு, உடம்பு 99.5 டிகிரி சூடு அல்லது தொட்டால் சில்லிடுவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் சுற்றிப் போடுவதும் மந்திரிப்பதும் வந்த பிறகு இருக்கட்டும், முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.