நான்கு லட்சம் ரூபாயும் பத்து நிமிடமும்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஸ்டெம் செல் (மூல உயிரணு) ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்கிறார்கள். நான்கு லட்சம் ஆகும். மனைவியின் நகையை அடகு வைத்தால் புரட்டிவிடலாம். இதற்கிடையில் எங்கள் குழந்தை மருத்துவர், பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வில் அவனைச் சேர்க்கச் சொல்கிறார். அதில் மருந்தே கிடையாதாம். அப்பாவோ அம்மாவோ அவனோடு பத்து நிமிடம் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை வைத்துப் பெற்றோருக்குப் பயிற்சி தருவார்களாம். அதுவும் பாதிப் பேருக்குத்தான். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளையைச் சோதனை எலியாக்க மனம் வரவில்லை. நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன், வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் வாசற்படி முழுக்க பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பான். கால் வைக்க இடமில்லாததால் அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போவேன், அவன் கத்துவான். விளையாட்டெல்லாம் என் மனைவியோடுதான். ஊசியா, ஆய்வா, எது நல்லது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஊசியைப் பற்றியும் ஆய்வைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன், கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த மூடிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, நீங்கள் கால் வைக்கும் படியில், நீங்கள் வரும் நேரத்தில், உங்கள் மகன் ஒரு வேலையைச் செய்து முடித்து வைத்திருக்கிறான். நீங்கள் அதை நாள்தோறும் கலைக்கிறீர்கள். அவன் உங்களுக்காகத்தான் அதை அடுக்குகிறான் என்று உருக்கமாகக் கதை சொல்ல நான் தயாராக இல்லை, ஏனென்றால் அவன் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்வதற்காக ஒருநாள்கூட அந்தப் படியில் நீங்கள் உட்காரவில்லை என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. நிறம் பார்த்து அடுக்குகிறானா, அளவு பார்த்தா? ஒரு மூடி குறைந்தால் தேடுகிறானா? நடுவில் நீங்கள் ஒரு மூடியை வைத்தால் தள்ளிவிடுவானா, விட்டுவைப்பானா? அவனுடைய இரண்டு ஆண்டு மருத்துவக் கணக்கை உங்களால் ஒப்பிக்க முடியும் என்று நம்புகிறேன், ஆனால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட உங்களிடம் பதில் இருக்காது.

நீங்கள் சந்தேகப்படும் அந்த ஆய்வு கற்றுத்தருவது, ஏறக்குறைய, இதைத்தான். மருந்தில்லாத இந்த முறை நேற்று யாரோ தோன்றியபடி சொன்னதன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர், லண்டன், நியூகாசில் ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வாளர்கள், பேராசிரியர் ஜொனாதன் கிரீன் தலைமையில், ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 ஆட்டிசக் குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினரின் பெற்றோருக்கு மட்டும் இந்தப் பயிற்சியை அளித்தார்கள். குழந்தையோடு விளையாடும் வீடியோவைப் பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தை எங்கே பார்த்தது, எதைக் காட்ட முயன்றது, அந்த நொடியில் பெற்றோர் அதைக் கவனித்தார்களா, அல்லது கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்களா என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். வீட்டில் நாள்தோறும் அரை மணி நேரம் பழக வேண்டும். முடிவுகள் 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தபோது பெரிய கொண்டாட்டம் எதுவுமில்லை: பெற்றோரின் நடத்தை மாறியிருந்தது, குழந்தைகள் தாமாகத் தொடர்பு கொள்வது கூடியிருந்தது, ஆனால் ஆட்டிச அறிகுறிகளை அளக்கும் முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனார்கள். 121 குழந்தைகளை மீண்டும் பரிசோதிக்க முடிந்தது. தீவிர அறிகுறிகள் உள்ள குழந்தைகள் பயிற்சி பெற்ற பிரிவில் 46 விழுக்காடு, மற்றப் பிரிவில் 63 விழுக்காடு என்று 2016இல் அறிவித்தார்கள். நோய் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

வெள்ளைக்காரர் வீட்டுக்குச் சரி, நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். அதையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்காத் என்ற அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு குழுவும் மான்செஸ்டர்காரர்களோடு சேர்ந்து, இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான 65 குழந்தைகளோடு இதே முறையை நம் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்த்தார்கள். எல்லையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் இரு நாடுகள் ஒரே கையேட்டையும் ஒரே அளவுகோலையும் வைத்துக்கொண்டு வேலை செய்த அரிய காரியம் அது. பயிற்சி தந்தவர்கள் சிறப்பு மருத்துவர்களும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகளை நடத்தினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பின்பற்றத் தொடங்கியபோது, குழந்தைகள் தாமாக முன்வந்து பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும், எதிர்பார்த்ததற்கு மாறாக, குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். தமக்குப் பாதகமான எண்ணையும் அச்சிடுகிறவர்களை நான் நம்புவேன். உங்களுக்கு நான்கு லட்சத்துக்கு விலை சொன்னவர்கள் அப்படி ஏதேனும் எண் காட்டினார்களா?

இனி, சோதனை எலி. பாதிப் பேரைப் பயிற்சி இல்லாத பிரிவில் வைப்பது அநியாயம் என்று உங்களுக்குப் படுகிறது. அப்படி ஒரு பிரிவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனைப் பெற்ற மூன்று ஆட்டிசக் குழந்தைகள் தேறினார்கள் என்று ஒரு செய்தி வந்ததும், பெற்றோர் அந்த ஊசிக்காக மருத்துவமனைகளை முற்றுகையிட்டார்கள். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குச் செக்ரெட்டினும் மற்றப் பிரிவுக்கு வெறும் உப்புநீரும் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் குழந்தைகள் முன்னேறினார்கள், வேறுபாடே இல்லை. உப்புநீர்ப் பிரிவு இல்லாதிருந்தால் அந்த முன்னேற்றம் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதியிருப்பார்கள். இதில் என்னை உறுத்துவது வேறொன்று: முடிவைச் சொன்ன பிறகும், பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அந்த ஊசியில் இன்னும் ஆர்வமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனின் மூக்குத் தெளிப்பானுக்கும் இதே கதிதான். சிறிய ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டின. அமெரிக்காவில் ஏழு மையங்கள் சேர்ந்து 290 சிறுவர் சிறுமியரை 24 வாரம் கவனித்தபோது, 2021இல், வெற்றுத் தெளிப்பானைவிட அது எதையும் கூடுதலாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. ஆட்டிசம் குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு வேறுபடுகிறது. ஒரே மருத்துவமனை தன் வாசலுக்கு வந்த பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் பல ஊர்கள் சேர வேண்டியிருக்கிறது.

உங்கள் ஸ்டெம் செல்லுக்கு வருவோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு ஸ்டெம் செல்கள் அடங்கிய தொப்புள்கொடி இரத்தமும் மற்றப் பிரிவுக்குப் போலி மருந்தும் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. சமூகத் திறனை அளந்த முதன்மை அளவுகோலில் போலி மருந்தைவிட அது மேலாக இருக்கவில்லை. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்றும், அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்றும் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆய்வில் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும், எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் நீங்கள் விலகலாம். அந்த ஊசி மருத்துவமனையில் இவற்றில் எது உண்டு? சோதனை எலியாக இருப்பதற்கு நீங்களே நான்கு லட்சம் கட்டப் போகிறீர்கள். அதுவும் உங்கள் மனைவியின் நகையை வைத்து.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளையாட்டு அவருடையது, பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவதும் அநேகமாக அவருடையது, இப்போது நகையும் அவருடையது. உங்களுடையது முடிவெடுப்பது மட்டும் என்றால் இந்தக் குடும்பக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் எட்டரை வரை பிள்ளையோடு தரையில் உட்காரலாம். திருப்பூரில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டும் அதைச் செய்கிற தகப்பன்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குச் சம்பாதித்துப் போடுவதோடு தகப்பன் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் கேடு. வார்த்தையில்லாமல் பேசுகிற பிள்ளைக்கு அது இன்னும் கேடு, ஏனென்றால் அவன் பேச்சைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒரே ஒருவராகிவிடுகிறார். அந்த அம்மா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அவன் யாரிடம் போவான்?

ஆகவே ஆய்வில் சேருங்கள். கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன, வீடியோக்களை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள், குலுக்கலில் பயிற்சி கிடைக்காத குடும்பங்களுக்கு ஆய்வு முடிந்ததும் அதைத் தருவார்களா. பேச்சுப் பயிற்சியை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வீடியோவில் விளையாடும் பெற்றோராக உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் ஒருவர்தான் என்று சொன்னால், அந்த ஒருவர் நீங்களாக இருக்க உங்கள் மனைவி சம்மதிப்பாரா என்று அவரிடம் கேளுங்கள். பெயர் மற்றப் பிரிவில் விழுந்தாலும் கோபித்துக்கொண்டு விலகிவிடாதீர்கள். அளவெடுக்கக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், ஆறு ஆண்டு கழித்துக் கூப்பிட்டாலும், விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.